சூப் கொண்டுவந்த ரயில்

அந்த மனிதனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது அவன் மனைவிதான். வைத்தவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பெயர் மட்டும் அவனோடு தங்கிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் அனுப்புகிறவனுக்கு, ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுசாக ஒரு டீ குடிக்கத் தெரியாது.

அன்றைக்கும் பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் உள்ளே பாய்ந்துவிட்டான். பன்னிரண்டு வயது மகள், புது ஷூ கடிக்க, பின்னால் நொண்டிக்கொண்டு வந்தாள்.

"மெதுவாப் போங்கப்பா! ரயில் எங்கயும் ஓடிடாது."

அவன் நடையை இன்னும் எட்டிப் போட்டான். ரயில் இன்னும் இருந்தால்தானே ஓட!

விஷயம் இதுதான். இந்தப் பூங்காவின் கதை சொல்லிச் சொல்லியே அவளைச் சின்ன வயதில் தூங்க வைத்திருக்கிறான். முரசு அடிக்கும் கரடி பொம்மை, கண்ணாடித் தொட்டிக்குள் கண் சிமிட்டும் கடல்கன்னி, எல்லாவற்றுக்கும் மேலே அந்த ரெஸ்டாரன்ட். அங்கே மேசைகளுக்கு நடுவே தரையில் ஒரு குட்டி ரயில் வளைந்து வளைந்து வரும். பெட்டிக்குப் பெட்டி சூப்பும் ரொட்டியும் இருக்கும். கல்யாணமான புதிதில் அவனும் மனைவியும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். போன வாரம் மகள் இதை அம்மாவிடமே கேட்டுவிட்டாள். "ரயிலாவது, சூப்பாவது! உங்கப்பா அள்ளி விடுவார், நீயும் வாயைப் பொளந்துகிட்டு கேளு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள் அவள்.

அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா வராமல் போன பள்ளி விழா, பிறந்தநாள் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மொத்தமாக ஞாபகம் வந்துவிட்டது. பெரிய லீவுக்கு அப்பா வீடா, சித்தி வீடா என்று இன்று சாயங்காலத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும். "நீங்க சொன்னதுல ஏதாவது ஒண்ணைக் காட்டுங்க, வரேன். இல்லன்னா சித்தி வீடு" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கரடி நின்ற இடத்தில் போன் சார்ஜ் போடும் பெட்டி நின்றது. கடல்கன்னியின் தொட்டி இருந்த சுவரில் யாரோ செயற்கைப் புல்லை ஒட்டியிருந்தார்கள். "கரடியா? இங்கயா?" என்று காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். ஐஸ்கிரீம் விற்ற பெண், "அதெல்லாம் வேற பார்க்கா இருக்கும் சார்" என்றாள். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நாம்தான் கனவு கண்டோமோ? கிழக்கே ஓடினான், மேற்கே ஓடினான், போன வழியிலேயே திரும்பி வந்தான். மகள் இழுபட்டாள்.

கடைசியில் ஒரு பொம்மைக் கடைக்குள் ஸ்டூலைக் கண்டதும் அவள் பொத்தென்று உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"போதும்பா. பரவாயில்ல, கதை நல்லாத்தான் இருந்துச்சு."

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் 'பரவாயில்ல'தான் அவனைக் கொன்றது. 

"ஆமா, இது என்ன காலுக்கடியில ஜில்லுன்னு?" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தான். தரையோடு தரையாக ஓர் இரும்புக் கோடு. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கரடி பொம்மை அடுக்கிய அலமாரிக்கு அடியில் நுழைந்தன. அலமாரியைப் பிடித்து ஒரே தள்ளு. பொம்மைகள் பொலபொலவென்று விழுந்தன.

"ஐயையோ, என்ன சார் பண்றீங்க!" என்று கடைக்காரம்மா அலறினாள்.

அவன் காதில் விழுந்தால்தானே! ஜன்னலோரம் வரை தவழ்ந்தே போனான். "இங்கதான் அந்த ரெஸ்டாரன்ட் இருந்துச்சு! சிவப்பு எஞ்சின், இப்படி வளைஞ்சு வந்து இங்க நிக்கும். அடியில மோட்டார், அதுல ஒரு செயின்..."

மகள் அதற்குள் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, தண்டவாளம் இருக்கு. என் கால் அது மேலதான் இருக்கு."

"கண்டுபிடிச்சிட்டாரா?" என்றாள் அம்மா.

"தெரிஞ்சுகிட்டே ஏம்மா இல்லன்னு சொன்ன?"

"எஞ்சின் சிவப்புன்னு சொன்னாரா?"

"ஆமா."

"பச்சை. சுத்திச் சுத்தி என் முன்னாடிதானே வந்துச்சு, எனக்குத் தெரியாதா? அவர் எங்க உட்கார்ந்தார்? ரயிலைக் கண்டதும் எழுந்து அது பின்னாடியே சமையல்கட்டுக்குள்ள போயிட்டார், மோட்டாரைப் பார்க்க. கல்யாணமாகி முதல் தடவையா வெளிய சாப்பிடப் போனோம்டி. நான் தனியா உட்கார்ந்திருக்கேன், சுத்தி இருக்கிறவங்க எல்லாம் என்னையே பார்க்கிறாங்க. அதை நினைக்கவே பிடிக்கல. அதான் இல்லன்னேன்."

பம்பரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். மோட்டார் ஞாபகம் இருந்தது, செயினில் எண்ணெய் சொட்டியதுகூட ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவள் என்ன புடவை கட்டியிருந்தாள்? என்ன பேசினாள்? எவ்வளவு துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு... நீ சாப்பிட்டியா?" என்று போனைப் பார்த்துக் கேட்டான்.

"உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ரெண்டு சூப்பும் ஆறிப்போச்சு."

போன் கட்டாகிவிட்டது.

கடைக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே பொம்மைகளைப் பொறுக்கினாள். மகள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "காட்டிட்டீங்க. லீவுக்கு வரேன். வாங்க, அந்தக் கடல்கன்னி எங்கன்னு பார்ப்போம்."

"இரும்மா" என்றான் அவன். "கொஞ்ச நேரம் உட்காரலாம்."