இன்ஜின் நடை

எங்கள் மேஸ்திரி அஷூர் அண்ணனுக்கு நான் ஆயிரத்து இருநூற்று அறுபது சோமோனி தரவேண்டியிருந்தது. தொள்ளாயிரத்து ஐம்பது ஒரு பெட்டிக்கு, இருநூறு அந்தப் பெட்டியை மாற்றியதற்கு, நூற்றுப்பத்து பேஸ் கிட்டாரின் கம்பிகளுக்கு. நாலு கம்பிக்கு நூற்றுப்பத்தா என்று கேட்டார். சாதா கிட்டாராக இருந்தால் ஆறு கம்பி வாங்க வேண்டியிருக்கும், இது நாலோடு போயிற்று என்றேன். "அப்ப எனக்கு லாபம்னு சொல்றே" என்றார். சிரிக்கவில்லை. நோட்டுகளை என் உள்ளங்கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "இது தீர்ற வரைக்கும் கணவாயை விட்டு இறங்கக் கூடாது. நீ போயிட்டா புல்டோசரை நான் யாரை வச்சு ஓட்டுறது?" தலையாட்டினேன். அப்போது அது பெரிய நிபந்தனையாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் கணவாயை விட்டு யார்தான் இறங்குகிறார்கள்?

சாலையில் விழும் பனியைத் தள்ளுவது எங்கள் வேலை. வடக்கே போகும் லாரிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் ஏற வேண்டும். தங்குவதற்கு ஓர் இரும்பு வண்டி. சக்கரம் கழற்றி, கற்கள் மேல் நிறுத்தியது. இரண்டடுக்குக் கட்டில்கள் மூன்று, நடுவில் நிலக்கரி அடுப்பு. இரண்டு ஷிஃப்ட் வேலை என்பதால் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பில் கெட்டில் கொதித்தால்கூட ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும். நானும் வருஷக்கணக்கில் அங்கே காலம் தள்ளியவன்தான். அதற்கு முன்னால் கீழே வட்டாரத்தில் மிர்ஸோஷரீஃபின் கல்யாணக் குழுவில் பேஸ் வாசித்தேன். பிறகு சியாவுஷ் என்று ஒருவன் புதுக் கீபோர்டோடு வந்தான். அவன் வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை நான் வாசிப்பதை வாசிக்கும். ஒரு ஆளின் இடது கைக்குத் தனிச் சம்பளம் இல்லை. நான் மண்வெட்டி எடுத்தேன்.

இலையுதிர்காலத்தில் மிர்ஸோஷரீஃப் போன் செய்தார். "பெரிய வீட்டுக்காரங்க மேடையில நாலு ஆள் நிக்கணுங்கறாங்க. கீபோர்டு மட்டும் வாசிச்சா அவங்களுக்குப் பத்தல. நவ்ரூஸ் புத்தாண்டு முடிஞ்சு வா, நீ வாசிக்கிறதைக் கேட்டுப் பாக்கறேன். கை துருப்பிடிச்சிருந்தா பழக்கத்துக்காக எல்லாம் எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் பனிக்காலத்துக்குள் நுழைந்தேன். கை இருந்தால் மேடை. இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் பனி, அதற்குப் பிறகு இன்னொரு வருஷம்.

அதற்குத்தான் முதல் பெட்டி. பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர், கைப்பிடி வைத்தது. துஷன்பே சந்தையில் வாங்கினேன். பக்கத்துக் கடையில் காது கிழியப் பாட்டு போய்க்கொண்டிருந்ததால் வாசித்துப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. பேஸ்காரனுக்கு அதிர்வுதானே முக்கியம் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதிர்ந்தது பெட்டி இல்லை, பக்கத்துக் கடைப் பாட்டில் அதை வைத்திருந்த மேசை என்று பிறகுதான் புரிந்தது. இரும்பு வண்டியில் வந்து மாட்டினால், கீழ்க் கம்பி தகர டப்பாவில் மாட்டிய ஈ மாதிரி கத்தியது. அடிச்சுரம் என்பதே இல்லை. ஆனால் ஆளை எழுப்புவதற்குப் போதுமான சத்தம் இருந்தது. மேல் கட்டிலிலிருந்து, கூட வேலை செய்யும் குல்மத்தின் ஒரு பூட்ஸ் பறந்து வந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "ஜோடி சேக்கணும்னா இன்னொரு தடவை வாசி."

சாமான் ஏற்ற இறங்கிய லாரியில் நானும் போய் அதை மாற்றினேன். கடைக்காரன் பாதி விலைக்குத்தான் எடுத்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒன்றைக் காட்டினான். அதன் முளையைப் பேஸின் துளையில் நேராகச் செருகிவிட வேண்டியது, அதிலிருந்து ஹெட்போன். போனிலிருந்து ஓர் ஒயர் கொடுத்தால் பாட்டும் கூடவே காதில் ஓடும். ஹெட்போனில் மலிவாகச் சின்னதைக் கேட்டேன். "காதுக்குள்ள செருகுறதை எடுக்காதீங்க, உங்க கம்பி அதுல வராது. காதை முழுசா மூடணும், ஆட்டுத்தோல் தொப்பி மாதிரி" என்றான். தொப்பி மாதிரியே ஒன்றை எடுத்தேன். வண்டிக்குத் திரும்பி, மற்றவர்கள் தூங்கும் பகல் நேரத்தில், முதல்முறை கீழ்க் கம்பியைத் தட்டியபோது அது என் மண்டைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு சுத்தமாக என் கையை நானே கேட்டதில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. மேடையில் பெரிய ஸ்பீக்கர் என் கெண்டைக்காலுக்குப் பின்னால் நிற்கும். பேஸ்காரன் பாதியைக் காலால்தான் கேட்பான். இதில் ஓசை கழுத்தோடு நின்றுவிடுகிறது. கழுத்துக்குக் கீழே நான் செவிடன்.

ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும்தான் சார்ஜ். குளிரில் அதுவும் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சின்னப் பெட்டியைச் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். "பாத்துடா, பொரிஞ்சிடப் போகுது" என்பான் குல்மத். "குஞ்சு வந்தா முதல் குஞ்சு எனக்கு."

ஒருநாள் நான் மேல் கட்டிலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கீழே அஷூர் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"என் பல்லு எல்லாம் ஆடுது" என்றார் அண்ணன். "வயசாயிருச்சேன்னு படுத்துக் கிடந்தேன். அப்புறம் பாத்தா நீ."

பேஸின் தலை கட்டில் சட்டத்தில் சாய்ந்திருந்தது. சட்டம் சுவரோடு வெல்டு வைத்தது. நான் வாசித்ததை எல்லாம் இரும்பு வண்டி முழுக்க வாசித்திருக்கிறது.

"நீ காதை மூடிக்கிட்டா ஊருக்குக் காது இல்லைன்னு ஆயிடுமா? வெளியே போய் வாசி. எங்கயாவது போ. இங்க வேணாம்."

போக இருந்த ஒரே இடம் புல்டோசரின் கேபின். பனிச்சரிவு எப்போது வரும் என்று தெரியாததால் யாராவது ஒருவர் அதில் காவல் இருக்க வேண்டும். எனக்கு அந்த வேலையைத் தரும்படி நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பேஸை நேராக வைக்க இடம் கிடையாது. குறுக்கே படுக்க வைத்து, அதன் கழுத்தைக் கதவுக் கண்ணாடியில் முட்டாமல் முழங்கையால் தாங்கிக்கொண்டு வாசித்தேன். சூடு இருந்தது, யாரும் தூங்கவில்லை, பூட்ஸ் பறந்து வரவில்லை. மிர்ஸோஷரீஃப் அனுப்பிய பாட்டுகள் போனில் இருந்தன. இன்ஜினை மட்டும் அணைக்க முடியாது. அந்தக் குளிரில் அணைத்தால் எண்ணெய் அல்வாவாக இறுகிவிடும், மறுபடி உயிர் வராது. அது பாட்டுக்கு ஓடட்டும், என் காதைத்தான் மூடியிருக்கிறேனே என்று விட்டேன்.

விரல்கள் திரும்பி வந்தன. பழைய பாட்டுகள் கைக்குள் நின்றன, புதியவையும் ஏறின. சம்பளம் மட்டும் வரவில்லை. தலைமை அலுவலகத்தில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். வந்த கொஞ்சமும் மாவுக்கும் நிலக்கரிக்கும் வீட்டுக்குப் போயிற்று. என் மனைவி ஸைனுரா போனில் கேட்பாள்: "நவ்ரூஸுக்கு இறங்கிடுவீங்களா?"

"கடன் தீரட்டும்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க."

"போன தடவையும் இதே கடன்தானே."

நவ்ரூஸுக்கு முந்தின வாரம் பனிச்சரிவு விழுந்து இரண்டு பக்கமும் பாதை அடைபட்டது. எங்கள் சாப்பாட்டுக் கொட்டகைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளை வேன், கூரையில் ஸ்பீக்கர்களைத் தார்ப்பாயால் கட்டியது. மிர்ஸோஷரீஃபின் வேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்தை முடித்துத் திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் மார்பில் கை வைத்துச் சிரித்தார். "நீ வர்றதா இருந்தே, நாங்க வந்துட்டோம். மாட்டினதுதான் மாட்டினோம், இன்னிக்கே கேட்டுடறேன்."

மத்தியானத்துக்கு மேல் கொட்டகை நிறைந்துவிட்டது. லாரிக்காரர்கள் சூப்பும் ரொட்டியும் முடித்து, எங்கேயும் போக முடியாத எரிச்சலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாட்டு கேட்டார். சியாவுஷ் கீபோர்டை இரண்டு பெஞ்சுகளுக்கு மேல் வைத்தான். இன்னொருவன் தாயிராவை, அந்த வட்டப் பறையை, அடுப்புக்குக் காட்டித் தோலை முறுக்கேற்றினான். என் பேஸைச் சியாவுஷின் ஸ்பீக்கரில் செருகினார்கள். அவன் தன் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பல வருஷங்களுக்குப் பிறகு என் கெண்டைக்காலில் என் ஓசை வந்து மோதியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை என்று துடைத்துக்கொண்டேன்.

எங்கள் கல்யாண ஆட்டம் கொஞ்சம் நொண்டும். ஆறு எண்ணிக்கையில் ஓரடி தயங்கி விழ வேண்டும். அந்தத் தயக்கத்தில்தான் ஆடுகிறவனின் தோள் குலுங்கும். மிர்ஸோஷரீஃப் பாட ஆரம்பித்தார். குல்மத்தும் தடியான ஒரு லாரிக்காரரும் எழுந்து கைகளை விரித்தார்கள். நான் ஒரு சுரம்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அவர்களுடைய தோள் குலுங்கவில்லை. பாதம் மட்டும் தரையில் தொம் தொம் என்று விழுந்தது. தாயிராக்காரன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"யப்பா, இது கல்யாணமா, ராணுவ அணிவகுப்பா?" என்றார் தடியர், மூச்சு வாங்கிக்கொண்டே. கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

மிர்ஸோஷரீஃப் பாடிக்கொண்டே என் பக்கம் வந்தார். என் விரல்களைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தார். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி என் கம்பிகளின் மேல் மெதுவாக வைத்தார். யாரும் சொல்லாமலே சியாவுஷின் இடது கை மடியிலிருந்து ஏறியது. குல்மத்தின் தோள் குலுங்கிற்று.

பாட்டு முடிந்ததும் என் காதருகே குனிந்தார். "சுரம் ஒண்ணும் தப்பில்ல. எங்க உக்காந்து பழகினே?"

"புல்டோசர்ல."

"இன்ஜின் ஓடிட்டிருந்துச்சா?"

"குளிர்ல அணைக்க முடியாதுண்ணே. ஆனா காதை மூடித்தான் வாசிச்சேன்."

"காதை மூடினே, குண்டியை மூடலையே. சீட்டு வழியா அது ஏறியிருக்கு." கேலி செய்யாமல்தான் சொன்னார். "நீ டீசல் வாசிக்கிறே, குஷ்வக்த்."

நான் பேஸைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். அடுத்த பாட்டு தொடங்கியது. அஷூர் அண்ணன் எழுந்தார். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. கைகளை விரித்து, என்னைப் பார்க்காமல், கொட்டகையை ஒரு சுற்று சுற்றினார். ஆடுகிறவன் தலையைச் சுற்றி நோட்டைத் தூவுவது வழக்கம். தூவியது குழுவுக்குச் சேரும். லாரிக்காரர்கள் பத்தும் இருபதுமாகத் தூவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பைகளைத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெறுங்கையை உயர்த்திக் குல்மத்தின் தலையைச் சுற்றினார்.

"ஆயிரத்து இருநூத்து அறுபது! குஷ்வக்த் எனக்குத் தரவேண்டியது! தூவிட்டேன்!"

கொட்டகை அலறியது. "என் கடனும் இருக்குண்ணே, அதையும் தூவுங்க!" என்றான் குல்மத். "தூவினது குழுவுக்கு!" என்று தாயிராக்காரன் கத்தினான். மிர்ஸோஷரீஃப் தலை குனிந்து வணங்கி, காற்றில் எதையோ இரண்டு கையாலும் பிடித்து, அங்கிக்குள் போட்டுக்கொள்வதுபோல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கடன் ஆள் மாறியிருந்தது.

மறுநாள் காலை வானம் வெளுத்தது. என் பக்கத்துச் சரிவை நான்தான் தள்ளினேன். இரண்டு ஆள் உயரப் பனியில் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி பிளந்தபோது, வெள்ளை வேன்தான் முதலில் வந்து நின்றது. மிர்ஸோஷரீஃப் இறங்கி, சங்கிலிச் சக்கரத்தில் ஏறிக் கண்ணாடியைத் தட்டினார். கதவைத் திறந்தேன்.

"நேத்து வந்ததை மூணு பங்காப் பிரிச்சோம்" என்று இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "உன் கடனை எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியல. சியாவுஷ்தான் சொன்னான், அதை விட்டுடலாம்னு. தாயிராக்காரனும் சரின்னான். கழிச்சாச்சு. இனி நீ யாருக்கும் ஒண்ணும் தரவேண்டாம்."

"அப்ப நவ்ரூஸுக்கு..."

இருக்கையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இறங்கி வாயேன். எப்ப வேணாலும் வா. இப்பத்தான் உன்னைக் கட்டிப் போட யாரும் இல்லையே."

குழுவில் எந்த இடத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. குதித்து இறங்கிப் போனார். நான் வெட்டிய வழிக்குள் வேன் நுழைந்து, பனிச்சுவர்களுக்கு நடுவில் சின்னதாகி, வளைவில் திரும்பியது. அதன் பின்னால் லாரிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஸைனுரா போன் செய்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். 'கடன் தீரட்டும்' என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சொன்ன பதில் அந்தக் காலையோடு போய்விட்டது.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

அமைதி காதில் அறைந்தது. தூரத்தில் அஷூர் அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "அணைக்காதடா! அணைக்காதடா!" என்று கத்திக்கொண்டே முழங்கால் பனியில் ஓடி வந்தார். இருக்கை அசையவில்லை. கண்ணாடி அசையவில்லை. என் வலது முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, சமமாக, ஓர் அடியிலும் தயங்காமல். அதன்மேல் கையை வைத்து அழுத்தினேன். கைக்கு அடியில் அது நடந்துகொண்டே இருந்தது.