நாக்குக்காரரின் இரண்டு வண்டுகள்

அருங்காட்சியகப் பூச்சிப் பிரிவின் பதினேழாம் இழுப்பறையில் இரண்டு வரிசைச் சிவப்பு வண்டுகள் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வலது வரிசையைத் தனி இனம் என்றது சேகரித்தவரின் பிழை, வெள்ளிக்கிழமைக்குள் அவர் பெயர்ச் சீட்டை எடுத்துவிட வேண்டும் என்று காப்பாளருக்கு நிபுணர் குழுவின் கடிதம் வந்திருந்தது.

சேகரித்தவர் பழைய காலத்துத் தபால் எழுத்தர். எந்தப் பூச்சியையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் குறிப்பு எழுதுவார். ஊர் அவருக்கு நாக்குக்காரர் என்று பெயர் வைத்தது. அவருடைய சொந்தப் பெயர் மிஞ்சியிருந்தது அந்தச் சீட்டில் மட்டும்.

புதன்கிழமை அவருடைய மகள் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கையில் மூடியில் துளையிட்ட பாட்டில். உள்ளே வேலியில் பிடித்த ஆறு வண்டுகள்.

"தம்பி, அவங்க செத்த வண்டைப் பாத்து முடிவு பண்ணிட்டாங்க. அப்பா உசிரோட இருக்கறதைப் பாத்தார்."

"பாத்தாரா, தின்னாராம்மா?" என்றார் காப்பாளர்.

"துப்பிடுவார். என்னைப் பெண் கேட்டு வந்தவங்க எதிர்ல உக்காந்திருக்காங்க, இவர் உதட்டோரமா ஒரு வண்டுக்கால் ஆடிட்டு இருக்கு. அந்தச் சம்பந்தம் அன்னிக்கே போச்சு."

அப்பாவின் குறிப்பேட்டை விரித்தார். இடது: கடுங்கசப்பு. வலது: சுவையில்லை.

காப்பாளர் கதவைச் சாத்தினார். முதல் வண்டு நாக்கில் பட்டதும் குழாயடிக்கு ஓடினார்.

"முழுங்கிடாதீங்க!"

நான்கு கசந்தன. இரண்டில் ஒன்றுமே இல்லை. அந்த இரண்டையும் உருப்பெருக்கியில் வைத்தார். மீசை நுனியில் ஒரு கணு கூடுதல். இழுப்பறையின் வலது வரிசையைத் திருப்பிப் பார்த்தார். பதினொன்றிலும் அதே கணு. இடது வரிசையில் எதிலும் இல்லை.

குழு பார்த்தது மேலிருந்து எடுத்த படங்களை. நாக்குக்காரரோ, ஒடிந்துவிடாமல் இருக்க, கடிதம் மடிப்பதுபோல் மீசைகளை வயிற்றுக்கடியில் மடித்துவைத்திருந்தார். தன் சாட்சியைத் தானே ஒளித்துவைத்த மனிதர்.

காப்பாளர் பதில் எழுத உட்கார்ந்தார். 'வேறுபாடு அறிந்த முறை' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"மீசைன்னு மட்டும் போடுங்க தம்பி. இல்லேன்னா உங்களுக்கும் பேர் வெச்சிடுவாங்க."

"முதல்ல கண்டுபிடிச்சது மீசை இல்லியேம்மா."

'சுவைத்து' என்று எழுதினார். சீட்டை அசைக்காமல் இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டு, மறுபடி வாய் கொப்பளிக்கப் போனார்.