தொண்டையில் இறங்காத சோறு

நுரையீரலில் சளி கட்டி இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பஸ் டிரைவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பசிதான் வரவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

அவர் மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். விடியுமுன் எழுந்து சமைத்து, தட்டு நிறையப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வீங்கிய காலோடு திரும்பினால் தட்டு காலியாக இருக்கும். "மத்தியானம் சாப்பிட்டதே போதும், இப்ப வேணாம்" என்பார் அவர். அவளும் நம்பினாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் போடுற விருந்துல தெருப்பூனைக்குத் தொப்பையே வந்துடுச்சு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர்முன் போய் நின்றாள்.

"பூனைக்கா சமைச்சு வெச்சேன்?"

அவர் தலை குனிந்தார். "என்ன பண்ணச் சொல்ற? வாயில வெச்சா இரும்பை நக்குற மாதிரி இருக்கு. அப்படியே மிச்சம் வெச்சா உன் முகம் வாடிப்போகுது. அதைப் பார்க்க முடியல."

அவளுக்குத் திட்டத் தெம்பில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். நடந்ததையெல்லாம் நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மருந்தால நாக்கு மரத்திருக்கும். பெரிய தட்டைப் பார்த்தாலே சிலருக்கு வயிறு அடைச்சுக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாலு வாய் போதும். சூட்டு வாசனை குமட்டினா ஆறவெச்சுக் கொடுங்க. எந்த நேரத்துல கொஞ்சம் தேவலை?"

"காலையில" என்றார்.

"அப்போ காலையிலதான் நல்லா சாப்பிடணும். எடை இன்னும் குறைஞ்சா உடனே வாங்க, டாக்டர் பார்க்கணும்."

"கெஞ்சிக் கெஞ்சி ஊட்டட்டுமா?" என்றாள் மனைவி.

"கெஞ்சாதீங்க. கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்க."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது. அடுப்படியில் நின்றபடியே எதையோ விழுங்கிவிட்டு ஓடுவதுதான் வழக்கம்.

அதன்பிறகு காலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அரை முட்டை, ஒரு துண்டு வாழைப்பழம். மத்தியானத்துக்குச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்துவிட்டுப் போனாள். சில நாள் அதுவும் இறங்காது; அவர் அப்படியே வைத்திருப்பார், அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். நாலு வாரம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தபோது எடை ஏறவில்லை, குறையவுமில்லை. "நின்னுடுச்சே, அது போதும்" என்றாள் நர்ஸ்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறாவது வாயில் அவர் முகத்தைச் சுளித்தார்.

"உப்பே இல்ல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, உப்பு எடுத்துவரப் போனாள்.