துலக்கிய இலை

ஆபீசில் மேடம், வீட்டில் அண்ணி. கணவனின் அக்காவிடமே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் நாக்கைக் கடித்துக்கொண்டே எட்டு மாதத்தை ஓட்டிவிட்டாள் அவள்.

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை அது. தூசி தட்டி ஒட்டுவது இவள் வேலை. என்ன செடி என்று பார்த்துப் பெயர் எழுதுவது அண்ணியின் வேலை. அண்ணியின் புதர்ச்செடிப் புத்தகம் அன்று மாலை அச்சுக்குப் போகிறது.

அதன் கடைசிப் படத்துக்காகக் காகிதப்பூச் செடி ஒட்டிய தாளை எடுத்தாள். தென் அமெரிக்காவிலிருந்து பெயரில்லாமல் வந்த செடி. வழவழப்பான இலை என்பதால் அண்ணி பெயர்ச்சீட்டில் ‘கிளாப்ரா’ என்று எழுதியிருந்தார். இலையிலும், வண்ண மடல்களுக்கு நடுவில் குழல்போல் இருக்கும் நிஜப் பூவிலும் முடி மண்டியிருந்தால் அது வேறு இனம், ‘ஸ்பெக்டாபிலிஸ்’. உதிர்ந்த துணுக்குகளைப் போட்டுத் தாளின் மூலையில் ஒட்டும் சிறு உறை ஒன்று பிரிந்திருந்தது. ஒட்டப் போனவள் உள்ளே பார்த்தாள். ஓர் இலை, ஒரு பூக்குழல். லென்சை வைத்தால், இரண்டிலும் கம்பளிப்பூச்சி மாதிரி முடி.

தாளில் இருந்த இலைகள் எப்படி வழவழப்பாயின என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சேர்ந்த புதிதில் சுத்தக்காரி என்று பேர் வாங்கும் ஆசையில், மெல்லிய தூரிகை போதாதென்று பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்திருந்தாள்.

கணவனுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

“வாயத் திறக்காத. எங்கக்கா ஒரு பேர் வச்சா வச்சதுதான். ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கற என்னை இன்னிக்கும் குண்டுன்னுதானே கூப்பிடறா.”

“புத்தகத்துல தப்பா வந்தா அவங்க மானம்தானே போகும்?”

“சொன்னா உன் வேலை போகும். வீட்டுலயும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. யோசிச்சுக்கோ.”

யோசித்தாள். வேலை போனால் வேறு தேடலாம். அச்சான பக்கத்தை எந்த பிரஷால் தேய்ப்பது?

தாளை எடுத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குள் போனாள். “மேடம்... அண்ணி... இது கிளாப்ரா இல்லங்க.”

நிமிர்ந்த பார்வையில் அனல் இருந்தது. அண்ணி உறையிலிருந்த இலையை லென்சில் பார்த்தார். பிறகு தாளிலிருந்த இலையை. மறுபடி உறையை.

“தாள்ல இருக்கறதை எதால தட்டினே?”

“பல் தேய்க்கிற பிரஷ்.”

“பேஸ்ட் போடலையே? அந்த மட்டும் பிழைச்சேன்.”

அவள் ‘கிளாப்ரா’ சீட்டைப் பிய்க்கப் போனாள்.

“பழைய சீட்டைக் கிழிக்காத. அது எம்மேல இருக்கற தப்பு, இருக்கட்டும். உறையைப் பிரிச்சுப் பார்க்காம எழுதினது நான்தான். கீழ புதுச் சீட்டு ஒட்டு. சரியான பேர், தேதி, உன் கையெழுத்து.”

“என்னோடதா, அண்ணி?”

“பார்த்தது நீதானே? புத்தகத்துக்காரங்க கிட்ட நான் நாலு நாள் வாங்கறேன். அது சரி, இன்னும் எத்தனை செடிக்கு முடி வெட்டி வச்சிருக்கே?”

“அறுபத்திமூணு.”

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். பக்கத்து நாற்காலியில் அடுக்கியிருந்த ஃபைல்களைத் தூக்கித் தரையில் வைத்தார்.

“உட்காரு. குண்டுகிட்ட போன்ல சொல்லிடு, இந்த வாரம் பூரா அவன்தான் சமையல்.”