மாதிரி விடையில் இல்லாதவர்

1

உங்களைப் பற்றி ஐந்தே வாக்கியம் சொல்லுங்கள் என்றால், யாரை விட்டுவிடுவீர்கள்?

அவசரமில்லை, யோசித்துக்கொண்டே படியுங்கள். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. நான் இப்போது குடியிருக்கும் கட்டடத்தில், தரைக்குக் கீழே, எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு சனிக்கிழமை, தமிழில் எண்ணிக்கொண்டே காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி சொன்னது. ஏழு மாதம் கழித்துக் காதில் தமிழ் விழுந்ததில், மெஷினைப் போட மறந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்காவது தப்பாகக் கேட்டிருந்தால் அது என் குற்றம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த வீட்டின் இருளில் ஏதோ ஒன்று"

வேண்டாம். வீட்டில் நல்ல வெளிச்சம். மூன்றாவது மாடி, காற்றுக்கும் குறைவில்லை.

அந்த நர்ஸ் அப்போது ஊரில் இருந்தபடி, ஜெர்மன் பேசும் நாடொன்றில் மருத்துவமனை வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர், அவளுக்கும்தான். வருஷக்கணக்காக மாணவர்களுக்குப் பக்கத்தில் பயந்து பயந்து உட்கார்ந்ததில், சோபாவில் இருந்தாலும் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அவள் முதலில் போவது, ஒரு வருஷத்தில் அவரையும் அழைத்துக்கொள்வது என்று பேச்சு.

மொழி வகுப்பில் இருபத்திரண்டு நர்ஸுகள். டீச்சருக்கு ஒரே பிடிவாதம்: சொந்தமாக யாரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் பிழை வரும். ஆகவே நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடை. இருபத்திரண்டு பேரும் ஜெர்மனில் ஒரே குரலாகச் சொல்வார்கள்:

நான் ஒரு நர்ஸ். நான் தனியாக வசிக்கிறேன். என் வீட்டில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. காலையில் தனியாக நடக்கப் போவேன். எனக்கு அமைதி பிடிக்கும்.

(அவர்களில் பதினாறு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி.)

3

சாயங்காலங்களில் மாஸ்டர்தான் கேள்வி கேட்கும் அதிகாரி. தாளை விறைப்பாகப் பிடித்துக்கொள்வார்.

"சொல்லுங்க மேடம், உங்க குடும்பத்தைப் பத்தி."

அவள் மடமடவென்று ஒப்பித்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த தமிழ் அர்த்தத்தை அவர் படித்தார்.

"தனியா இருக்கியா? அப்ப இவ்வளவு நேரம் இங்க வெங்காயம் உரிச்சது யாரு?"

"மார்க்குக்காகச் சொல்றது மாஸ்டர். நீங்க உள்ள வந்தா வாக்கியம் சிக்கலாயிடுது."

"கல்யாணத்துல உங்கண்ணன் இதையேதான் சொன்னாரு."

இருவரும் சிரித்தார்கள். அந்த ஒப்பித்தல் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை, மூன்று மாதம் நடந்தது.

4

கீழ்வீட்டு அக்கா படியில் நின்று கேட்டாள், "தனியா இருக்கியேம்மா, பயமா இல்லையா?"

மாஸ்டர் காய்கறிப் பையோடு பக்கத்தில்தான் நின்றார். "ஏன்க்கா, என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

அக்கா திரும்பவே இல்லை. "ஏதாச்சும்னா கூப்பிடு" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பெரிய கடையின் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கையை ஆட்டினார், குதித்தார். பின்னால் வந்த குழந்தைக்குத் திறந்தது.

நிலைக்கண்ணாடியில் அவர் முகம்

(அடித்துவிட்டேன். பேய்க்கதை எழுதுகிறவர்களெல்லாம் கண்ணாடியை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நடந்தது அதைவிடச் சாதாரணம்.)

அவரிடம் கார் ஓட்டப் பழகிய ஒரு பெரியவரைப் போலீஸ் மடக்கியது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் இல்லாமல் வண்டி ஓட்டினாராம். மாஸ்டர் பக்கத்து சீட்டில், காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான்தான் சார் மாஸ்டர்" என்று மூன்று தடவை சொன்னார். பெரியவரும் காவலரும் அவரைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு மாஸ்டர்மேலேயே சந்தேகம் வந்தது. மனைவி போகக் கூடாதென்று கதை கட்டுகிறாரோ? அப்படியும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை அவளே பார்த்திருக்கிறாள்.

5

நேர்காணலுக்கு முந்தின சாயங்காலம் மாஸ்டர் தாளை எடுக்கவில்லை.

"நாளைக்கு மட்டும் என்னையும் சேத்துச் சொல்லிடு. தப்பா வந்தாலும் பரவால்ல."

"தப்பா வந்தா வேலை போயிடுமே."

"போனா போகட்டும். நான் இருக்கேன்ல?"

சொல்லிவிட்டு, அவரே தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவள் முயன்றாள். நாலே வார்த்தை, எல்லாம் தெரிந்தவைதான். 'எனக்குக் கணவர்' என்று எடுப்பாள், நாக்கு வழுக்கி 'நான் தனியாக' என்று போய் நிற்கும். நான்காவது தடவை அவள் குரலோடு சேர்ந்து இன்னும் இருபத்தோரு குரல் அந்த அறையில் கேட்டதாம்.

"ஏய், இங்கதானே இருக்கேன்?" என்றார்.

நர்ஸ் இல்லையா, பழக்கதோஷம்: மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முழு ஒரு நிமிடம்.

"எவ்வளவு?"

அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். துணி அறையில் நான் கேட்டபோது அடுத்த காலுறைக்கு ஜோடி தேடினாள்.

6

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: கணவரைச் சொல்கிறாள், தடுமாறுகிறாள், வேலை போகிறது. வீட்டுக்கு வந்தால் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். (ஆனால் அவள்தான் இந்த ஊரில் துணி துவைக்கிறாளே, இது செல்லாது.)

இரண்டு: மாதிரி விடையைச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஓர் அறை, ஒரு மேசை,

(முடிக்க மனசு வரவில்லை.)

மூன்று: அவரைப் பற்றிச் சொல்கிறாள், கூடவே வேலையும் கிடைக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்திருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

மெஷின் நின்றதும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூடையில் ஆண் சட்டை ஏதும் இருந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கத் தோன்றவில்லை. நானும் அதே மாதிரி ஐந்து வாக்கியம் சொல்லித்தான் இந்த ஊருக்கு வந்தேன். அதில் யாரையோ விட்டிருந்தேன். யாரை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அதனால் முடிவு உங்கள் பொறுப்பு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நாடி பார்த்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு நேர்காணல் நடந்தது. திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. குடும்பத்தைப் பற்றிய பதிலில் ஒரு பிழைகூட இல்லை என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்கள்.