கரையேறிய இடம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. இதயத்திலிருந்து பிறந்தது என்று சொன்னால் பரராசசிங்கத்துக்குப் பிடிக்கும். அவர் ஜேர்மன் நகரமான ஹனோவரில் பத்திரிகை நடத்துகிறார். நடத்துகிறார் என்றால், நூறு பிரதி போட்டோக்கொப்பி அடித்து எழுபதைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். "அகதியின்ரை வலி தெரியவேணும், பத்துப் பக்கத்துக்குக் குறையாமல்" என்று எனக்குக் கடிதம் போட்டார். ஒன்பது பக்க வலியை அவர் வலியாகவே மதிக்கமாட்டார்.

2.

ஆகவே தொடங்கினேன்.

கருநீல நீரின் அடியில் யாகோப்பு தன் தாய்மண்ணை—

[வெட்டியாயிற்று. நான்கு பாகை குளிரில், இருபது மீற்றர் ஆழத்தில், தாய்மண் தெரியாது. நீட்டிய கையே தெரியாது.]

வழிவழியாகச் சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்த யாகோப்பு, வெள்ளைக்காரர் வாய் பிளந்து நிற்க—

[இதுவும் போயிற்று. இதை வாசித்துக் காட்டியபோது யாகோப்பு சிரித்தான். "எங்கடை வீட்டிலை ஆருக்கும் நீந்தவே தெரியாது, அண்ணை. எனக்கே இவங்கள்தான் பழக்கினவங்கள்." அவன் ஊரில், குருநகரில், ஒரு ஐஸ் பக்டரியில் கொம்பிரசர் பார்த்தவன். இந்தத் தகவலை வைத்துக்கொண்டு பரராசசிங்கத்தை எப்படி அழவைப்பது?]

3.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

யாகோப்பு எண்பத்தைந்தில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பேர்லினில் அலைந்து, கடைசியில் எங்கள் அகதி விடுதிக்கு வந்து சேர்ந்தான். அறைக்கு நான்கு பேர். வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா இருக்க மட்டும் முழு அனுமதி. விடுதியிலிருந்து அரை மணி நடந்தால், கல் வெட்டிக் கைவிட்ட கிடங்கு ஒன்று, நீர் ஊறி ஏரியாகக் கிடக்கிறது. அதன் மேற்குக் கரையில் ஒரு சுழியோடிகள் கழகம். இந்த மனிதர்கள் கறுப்பு ரப்பர் உடைக்குள் உடம்பைத் திணித்து, முதுகில் சிலிண்டரைக் கட்டி, உறைபனிக் காலத்தில் அந்தக் கிடங்குக்குள் இறங்குவார்கள். அடியில் ஒரு துருப்பிடித்த கல்வண்டி இருக்கிறதாம். அதைத் தொட்டுவிட்டு வந்து சூப் குடிப்பார்கள். வீட்டில் குளிக்கச் சுடுநீர் இருக்கிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் அவர்களுடைய கொம்பிரசர் ஒருநாள் நின்றுபோனது. யாகோப்பு அதைத் திருத்திக் கொடுத்தான். சம்பளம் கொடுக்கச் சட்டம் விடவில்லை. பதிலுக்கு அவனையும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் உவே என்ற தபால்காரனுக்கு அவன்தான் நீரடிக் கூட்டாளி. கூட்டாளியை விட்டு விலகக் கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அகதி விண்ணப்பம் போட்டவன் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட எல்லை இந்த ஏரியின் ஊடாகப் போகிறது. வரைபடம் கீறிய உத்தியோகத்தருக்குக் கால் நனையவில்லை. யாகோப்பு ஒருதரம் கலியாணவீடு ஒன்றுக்குப் போகையில் ஹனோவர் ஸ்டேசனில் பிடிபட்டு, எச்சரிக்கையோடு தப்பியவன். இரண்டாந்தரம் என்றால் வழக்கு. வழக்கு என்றால் அவனுடைய விண்ணப்பக் கோப்பில் அது ஏறும். கழகத்து ஆட்களிடம் இதைச் சொன்னபோது, "எங்கள் நாட்டில் அப்படியொரு சட்டமா?" என்று சிரித்தார்கள். அவர்கள் நல்லவர்கள். நல்லவர்களுக்குத் தங்கள் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.)

4.

போன சனிக்கிழமை பகல் பதினொரு மணி. இருபது மீற்றர் ஆழத்தில் உவேயின் சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் குழாயின் வால்வு உறைந்து திறந்தபடி நின்றுவிட்டது. காற்றெல்லாம் குமிழியாகக் கொட்டியது. யாகோப்புக்கு அந்த இரைச்சல் தெரியும். ஐஸ் பக்டரியில் எத்தனையோ தரம் கேட்டது. அவன் உவேயின் சிலிண்டரைப் பூட்டினான். தன் வாயில் இருந்த குழாயைக் கழற்றி உவேயின் வாயில் வைத்தான். இரண்டு மூச்சு அவனுக்கு, இரண்டு மூச்சு இவனுக்கு. அப்படியே மேலே வந்தார்கள். தலை வெளியே வந்த நேரம் உவே துவண்டுபோனான்.

கழகம் இருக்கும் மேற்குக் கரை இருநூறு மீற்றர். கிழக்குக் கரை முப்பது. கிழக்கே தெருவோரத்தில் அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய மஞ்சள் பலகை. யாகோப்பு அதை வாசித்தான். வாசித்துவிட்டுக் கிழக்கே இழுத்தான். தட்டையான கல்லொன்றில் ஏற்றி, வாயோடு வாய் வைத்து ஊதினான். உவே குடித்த தண்ணீரைச் சத்தியெடுத்தான், பிறகு மூச்சு வந்தது. அந்தப் பக்கம் மனிதர் இல்லை, தொலைபேசி இல்லை. அதனால் மூச்சு நிதானப்பட்டதும் மறுபடி நீரில் இறக்கி, மல்லாத்திப் பிடித்துக்கொண்டு மேற்குக் கரைக்கு நீந்தினான். எல்லாமாக இருபத்தைந்து நிமிடம்.

[இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்கு வலி சேர்க்கலாம். சேர்க்கவில்லை. அவன் நன்றாகச் செய்தான். எனக்கு அவனில் பொறாமையாக இருந்தது.]

5.

உவே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மற்றவர்கள் கழகக் கட்டிடத்துக்குள் இருந்ததால் கண்டவர்கள் யாருமில்லை. ஆனால் நீரில் இறங்கிய நேரமும் திரும்பி வந்த நேரமும் கழகக் கொப்பியில் இருக்கிறது. கழகம் விபத்து அறிக்கை கேட்கிறது. பிரதி பொலிசுக்குப் போகும். யாகோப்பு தமிழில் சொல்ல நான் ஜேர்மனில் எழுதவேண்டும். பதினோராவது வரி: கரையேறிய இடம்.

"கிழக்கு எண்டு எழுதுங்கோ, அண்ணை."

"யோசிச்சுப் பார், யாகோப்பு. மேற்கு எண்டு போட்டால் எல்லை தாண்டின கதையே இல்லை."

"அப்ப இருவத்தஞ்சு நிமிசம் நான் என்ன செய்தனான்? அவனை விட்டிட்டு ஓடினனான் எண்டெல்லோ நினைப்பினம்."

"நினைச்சால் நினைக்கட்டும். உன்ரை கேசைப் பார்."

அவன் படிவத்தை என் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தான். மொழிபெயர்ப்பாளர் கையொப்பம். உள்ளது உள்ளபடி என்று உறுதி கூறுகிறேன்.

"உங்களுக்கு என்னிலை கவலையோ? இதிலை கவலையோ?"

எனக்கும் அடுத்த மாதம் அகதி விசாரணைக்குத் தெர்மின், அதாவது தவணை, இருக்கிறது. எல்லை தாண்டினவனின் அறிக்கையில் என் பெயர் கிடப்பதை நான் விரும்பவில்லை. எனக்குப் பயம். இதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

6.

பயத்தில் மனிதன் என்ன செய்வான்? நான் கதைக்கு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் யாகோப்புக்குப் பதக்கம். ஒன்றில் நாடுகடத்தல், விமானத்தின் சன்னலில் கண்ணீர் (பரராசசிங்கத்துக்கு). ஒன்றில் உவேக்குத் திடீரென்று எல்லாம் ஞாபகம் வருகிறது. நாலாவதில் எல்லையையே மாற்றுகிறார்கள். அதை எழுதியபோது எனக்கே வெட்கம் வந்தது.

நேற்றுப் பின்னேரம் யாகோப்பு வந்து நாலையும் நின்றபடியே வாசித்தான்.

"இதுக்கு நாலு முடிவு எழுதியிருக்கிறியள். அந்தப் படிவத்திலை ஒரு சொல்லு எழுத ஏலாமல் கிடக்குது என்ன?"

"இரு, யாகோப்பு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம் அண்ணை. நான் வாறன்."

7.

அவன் போனபிறகுதான் படிவத்தைப் பார்த்தேன். பதினோராவது வரியில், ஐஸ் பெட்டிக்கு இலக்கம் போடுகிற கையால், பெரிய எழுத்தில் ஒரு சொல் இருந்தது. OST, ஜேர்மன் மொழியில் கிழக்கு. மூன்றே எழுத்து. கீழே தன் கையெழுத்தையும் வைத்திருந்தான்.

ஆகவே கரையைப் பற்றிய முடிவு என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. அது சனிக்கிழமையே முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு வரிதான். அது இல்லாமல் அறிக்கை செல்லாது. கதைக்குப் புனைபெயர் போதும், பரராசசிங்கம் ஒன்றும் கேட்கமாட்டார். படிவம் புனைபெயரை ஏற்காது.

மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்: ..............................

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கொடுக்கவேண்டும். இவ்வளவு நேரம் என்னோடு இருந்திருக்கிறீர்கள். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்கும். அந்த வரியில் என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.