சாமிக்குச் சொல்லாத மருந்து

பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கினால், மலையே தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கும். அப்படி ஒரு காலையில்தான் சிவபாதம் ஐயா முதுகில் மருந்துத் தாங்கியோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆராய்ச்சிக்காரர். தேயிலையில் கொப்புள நோய் விழுந்திருந்த காலம். அதற்குப் புது மருந்து கண்டுபிடித்திருந்தார். தோட்டத்தை நடத்தும் துரை தலையாட்டிவிட்டார். நான் கொழுந்து பறிக்கும் செடி நிரையில்தான் தெளிக்கப்போகிறார் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஆறு மாசம். முந்தின பிள்ளை தங்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் வயிற்றிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன்.

எங்கள் மலைக்குப் புதுக் கத்தியோ புது ஆளோ எது வந்தாலும், நிரை தொடங்கும் இடத்தில் இருக்கும் கொழுந்துச் சாமி கல்லிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். மருந்தையும் சொல்லுங்கள் என்றோம். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளாளுக்கு அனுமதி கேட்டிருந்தால் உலகத்தில் ஒரு மருந்தும் வந்திருக்காது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நோய் முற்றினால் எங்கள் வீட்டு அடுப்பும் எரியாதே.

"சாமிக்குக் காது கேக்குமோ என்னமோ, எங்களுக்குக் கேக்கும்ங்க," என்றேன்.

முணுமுணுத்தபடி கல்லின் முன் நின்றார். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து என்றார். வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது," என்றார்.

தாராளமாகத் தெளியுங்கள், தெரியும்வரை அந்த நிரையில் கைவைக்க மாட்டோம் என்றோம். கொழுந்தைப் பறித்து நிறுக்காமல் ஆராய்ச்சி முடியாதாம். அதனால் அவரே கூடையை மாட்டிக்கொண்டார். கொழுந்தோடு முற்றின இலையையும் சேர்த்துப் பிய்ப்பார். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் தினமும் கல்லின் முன் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார். மருந்து என்ன செய்கிறது என்று நாங்களும் பார்ப்போம்.

மழைக்குப் பிறகு அந்த நிரை மட்டும் கனவில் கண்டதுபோலத் தளதளவென்று நின்றது. ஓர் இலையில்கூடக் கொப்புளம் இல்லை. பெரிய துரையே ஐயாவைப் பாராட்டிக் கைகொடுக்க வருகிறார் என்று, எங்களுக்கு வேலை பிரிக்கும் பொன்னையா கங்காணி சொன்னார். அன்று ஐயா கையுறையோடு வந்தார். கல்லைத் தாண்டிப் போனவர், என்னைப் பார்த்துத் திரும்பி வந்து கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"மறைப்பம் எண்டுதான் வந்தனான்," என்றார். "முடியேல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். அவர் சட்டென்று பின்வாங்கினார்.

"தொடாதேங்கோ, வீரம்மா."